எந்தப் பக்கத்தில் பிடித்தது?

1966-இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தபோது வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். மழையில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் ஒரு கல்லூரி மாணவி. காரில் வந்து ஏற்றிக்கொள்ளும் முன்பின் தெரியாத ஒருவன். காருக்குள் நடந்துவிடும் காரியம். வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் அழுதுகொண்டே சொல்லும் மகள். அம்மா முதலில் ஆத்திரத்தில் அடிக்கிறாள். பிறகு மகள் தலையில் தண்ணீரைக் கொட்டிக் குளிப்பாட்டி, எல்லாம் கழுவியாயிற்று என்று தேற்றுகிறாள். அன்றைய கோபமும் பாராட்டும் அந்தத் தண்ணீரின் மேல்தான் வந்து விழுந்தன. ஒரு தாய் அப்படிச் செய்யலாமா, கூடாதா என்பதே பேச்சு. அம்மா தண்ணீர் ஊற்றாமல் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்னவாகியிருப்பாள் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு ஜெயகாந்தன் பிறகு ஒரு நாவலே எழுதினார். தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்று தொடராக வந்தது. புத்தகமானபோது 'சில நேரங்களில் சில மனிதர்கள்' ஆனது. 1972-க்கான சாகித்திய அகாதெமி விருதும் அதற்குக் கிடைத்தது. அந்த நாவலுக்குள்ளேயே ஓர் எழுத்தாளர் வருகிறார். பத்திரிகையில் வந்த அவருடைய கதையைப் படித்துவிட்டு, இது நம் கதையாயிற்றே என்று நாவலின் நாயகி கங்கா திகைத்துப் போகிறாள்.

சர்ச்சை செய்தவர்களில் பெரும்பாலோர் திறனாய்வாளர்கள் இல்லை; வாரப் பத்திரிகை வாங்கிப் படிக்கிற குடும்பத்துக்காரர்கள். அவர்கள் பேச்சுக்கு அவ்வளவு வலு வந்தது எதனால்? கதையின் ஓர் இடத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். 'கதை பிடிக்கவில்லை' என்பதோடு நின்றிருந்தால் யாரும் பதில் சொல்லத் தேவையிருந்திருக்காது. 'அம்மா செய்தது சரியா' என்று கேட்டதால் பதில் தேவைப்பட்டது.

இன்றைக்குப் படித்ததைப் பற்றி எழுதுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி முடிந்தால் அடுத்த இரண்டு மாதத்துக்கு இந்தக் குறிப்புகள் வந்தபடியே இருக்கும். உண்மையான சந்தோஷத்தில் எழுதப்படுகிறவை அவை. ஆனால் பத்தில் எட்டு இப்படித்தான் முடிகின்றன: 'ஆசிரியரின் எழுத்து நடை அருமை. கதாபாத்திரங்கள் கண்முன் நடமாடுகிறார்கள். அனைவரும் கட்டாயம் வாசிக்க வேண்டிய நூல்.' இதைப் புத்தகத்தின் பெயரை மாற்றிவிட்டு வேறு எந்த நூலுக்கும் ஒட்டிவிடலாம். எழுதியவருக்குப் புத்தகம் பிடித்தது என்பது தெரிகிறது. எந்தப் பக்கத்தில் பிடித்தது, அங்கே என்ன இருந்தது என்பது தெரியவில்லை. அது தெரிந்தால்தான் படிப்பவர் இது தனக்கான புத்தகமா என்று முடிவு செய்ய முடியும். உணர்ச்சிக்குக் குறைவில்லை, இடம் சுட்டுவதில்தான் குறை. இடம் சுட்டுவது பழக்கத்தால் வருவது; அந்தப் பழக்கம் படிக்கும்போதே தொடங்க வேண்டும்.

ஒரு ஏ4 தாளை நீளவாக்கில் நான்காகக் கிழித்தால் ஐந்தேகால் சென்டிமீட்டர் அகலத்தில் நான்கு துண்டுகள் கிடைக்கும். ஒரு துண்டை இரண்டாக மடித்தால் டெமி அளவுப் புத்தகத்துக்குள் அடங்கிவிடும். பக்க அடையாளமும் அதுதான், குறிப்புத் தாளும் அதுதான். 300 பக்க நாவலுக்கு ஒரு துண்டு போதும். சொந்தப் புத்தகமாக இருந்தால் ஓரத்தில் 2பி பென்சிலால் மெல்லிய கோடு போடலாம். மென்மையான பென்சில் என்பதால் தாளில் தடம் பதியாமல் அழிக்க வரும். நூலகப் புத்தகத்தில் எதுவும் கூடாது. ஒட்டித் தாள்களும் வேண்டாம்: மாதக்கணக்கில் விட்டுவைத்தால் பசை தங்கிவிடும். பழுத்துப்போன பழைய தாளாக இருந்தால் பிய்க்கும்போது எழுத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும்.

துண்டில் என்ன எழுதுவது என்பதுதான் முக்கியம். பக்க எண், அதை அடுத்து அந்த இடத்தில் உள்ள பொருளோ செயலோ ஆளோ. 'பக். 112 அருமை' என்று எழுதி வைத்தால் ஒரு வாரம் கழித்து அது எதற்கும் உதவாது. 112-ஆம் பக்கத்தை முழுக்க மறுபடி படித்து எதை அருமை என்றோம் என்று தேட வேண்டிவரும். 'பக். 112 கிணற்றடி, பாட்டி பேசாமல் இருப்பது' என்று எழுதினால் அந்த இடமே திரும்பி வந்துவிடும். மூன்று மாதிரியான இடங்களைக் குறிப்பது நல்லது: வாசிப்பு தானாக நின்றுபோன இடம், புரியாமல் தடுக்கிய இடம், 'இது நம்பும்படியாக இல்லையே' என்று தோன்றிய இடம். பலர் முதல் வகையை மட்டும் குறிக்கிறார்கள். அதனால்தான் குறிப்புகள் எல்லாம் பாராட்டாகவே முடிகின்றன. தடுக்கிய இடத்திலிருந்தும் நம்பாத இடத்திலிருந்தும் வருகிற வாக்கியங்களில்தான் எழுதுகிறவரின் சொந்தக் குரல் அதிகம் கேட்கும்.

300 பக்கத்துக்கு இருபது குறிப்பு தாராளம். அறுபது ஆகிவிட்டால் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்று அர்த்தம். கிண்டிலில் இந்தச் சிக்கல் அதிகம். விரலை இழுத்தால் போதும், பத்தி பத்தியாக மஞ்சள் ஏறிவிடும். அங்கே வரியைக் குறிப்பதோடு நிறுத்தாமல், ஏன் குறித்தோம் என்று இரண்டு சொல் தட்டிவிட வேண்டும். இன்னொன்று: மின்நூலின் இட எண் அச்சுப் புத்தகத்தில் செல்லாது, அச்சிலேயே பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும். ஆகவே பக்க எண்ணோடு அத்தியாய எண்ணையும் எழுதி வைத்தால் எந்தப் பதிப்பு வைத்திருப்பவரும் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்.

புத்தகத்தை முடித்த அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மூடி வைத்துவிட்டு, துண்டைப் பார்க்காமல், நினைவிலிருந்து பத்து வரி எழுதுவது. கோவையாக இருக்க வேண்டியதில்லை. எந்தக் காட்சி முதலில் வருகிறது, எந்தப் பெயர் மறந்துவிட்டது, எந்த இடத்தில் எரிச்சல் வந்தது, அவ்வளவுதான். பிறகு துண்டை எடுத்து ஒப்பிட்டால் இரண்டு விஷயம் தெரியும். படிக்கும்போது குறிக்காமல் விட்ட ஏதோ ஒன்று நினைவில் மேலே வந்திருக்கும். பரவசமாகக் குறித்த சில வரிகள் சுவடே இல்லாமல் போயிருக்கும். அந்த முதல் வகையிலிருந்துதான் எழுதத் தொடங்க வேண்டும். அலங்காரமான வரிகள் படிக்கும்போது பென்சிலை இழுத்துவிடும். கதையைச் சுமக்கிற இடங்கள் சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

எழுதுவதை இரண்டு மூன்று நாள் தள்ளிப் போடலாம். முடித்த சூட்டில் எழுதினால் கடைசி ஐம்பது பக்கத்தின் தாக்கம் புத்தகம் முழுவதையும் மூடிவிடும். முடிவு நன்றாக இருந்தால் நடுவில் இருநூறு பக்கம் தள்ளாடியது மறந்துபோகும். பத்து நாளுக்கு மேல் தள்ளினாலும் ஆபத்துதான். நினைவு கதையைத் தன் போக்கில் திருத்த ஆரம்பித்துவிடும்: யார் சொன்னது, எது முதலில் நடந்தது என்பதெல்லாம் மாறும். படமாகவும் வந்த நூல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2022, 2023-இல் இரண்டு பாகமாகப் 'பொன்னியின் செல்வன்' படம் வந்த பிறகு நாவலைக் கையில் எடுத்தவர்கள் பலர். படத்தில் மணிமேகலையே கிடையாது; நாவலில் கந்தமாறனின் தங்கையாக வந்து கடைசிப் பாகத்தில் மனத்தில் நிற்கிறவள் அவள். படம் மனத்தில் ஓடிக்கொண்டிருக்க நாவலைப் பற்றி எழுதுகிறவர் அவளைத் தவறவிட்டுவிடுவார். எழுதி முடித்ததும் பெயர்கள், நிகழ்ச்சி வரிசை, மேற்கோள் மூன்றையும் புத்தகத்தைத் திறந்து சரிபார்க்கக் கால் மணி நேரம் போதும்.

ஒரு புத்தகத்தைப் பற்றிய வாசகர் குறிப்பு 400 முதல் 600 சொல்லுக்குள் இருந்தால் கடைசி வரை படிப்பார்கள். அதில் கதைச் சுருக்கம் கால்வாசிக்கு மேல் போகக் கூடாது. நடைமுறையில் முக்கால்வாசி போய்விடுகிறது. கதை சொல்வது எளிது, புத்தகமே அதற்கு வரிசை போட்டுக் கொடுத்திருக்கிறது. தனக்கு என்ன ஆயிற்று என்று சொல்வதற்கு வரிசையைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். அதனால் கை கதைப் பக்கமே சாய்கிறது. யார், எங்கே, எந்தக் காலம், என்ன சிக்கலில் மாட்டியிருக்கிறார்கள் என்ற நான்கையும் நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம்.

முடிவைச் சொல்லலாமா என்ற கேள்விக்கு எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே பதில் கிடையாது. எதை முதலில் சொல்வது, எதை மறைப்பது என்று நூலே ஒரு முடிவு எடுத்திருக்கும். அதை மதித்தால் போதும். புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதை அவள் மூச்சு ஒடுங்குவதில்தான் ஆரம்பிக்கிறது. அவள் சாகிறாள் என்று எழுதுவதால் யாருக்கும் எதுவும் கெடாது. கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' தொடக்கத்திலேயே ஒரு கொலையை வைக்கிறது: தண்ணீர் குடிக்க இறங்கிய கர்ப்பிணிப் பெண்ணை நகைக்காக ஒருவன் நீரில் அமுக்குகிறான்; அவள் அவன் கால் பெருவிரலைக் கவ்விக்கொள்கிறாள். இதையும் சொல்லலாம், அது வாசல்தான். அதைத் தாண்டிப் பஞ்சாயத்து என்ன செய்தது, ஊர் எங்கிருந்து வந்தது என்பதை வாசகருக்கு விட்டுவிட வேண்டும். துப்பறியும் கதையில் மட்டுமே முடிவு ரகசியம் என்று நினைக்கிறவர்கள் குடும்ப நாவல்களின் முடிவைக் கூசாமல் போட்டு உடைத்துவிடுகிறார்கள். ஒரு பெண் கடைசியில் வீட்டை விட்டுப் போகிறாளா இல்லையா என்ற தவிப்பில்தான் அந்த நாவலின் முந்நூறு பக்கமும் நின்றிருக்கலாம்.

இடம் சுட்டுவது என்பது எப்படி என்று ஒரு பத்தியை வைத்தே பார்க்கலாம். 'செல்லம்மாள்' பற்றிப் பொதுவாக எழுதப்படும் வாக்கியம் இது: 'மனைவியை இழந்த கணவரின் துயரத்தைப் புதுமைப்பித்தன் உருக்கமாகச் சித்திரித்துள்ளார்.' தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் கதையைத் திறந்து பாருங்கள். உயிர் அடங்கிய அந்தக் கணத்தில் பிரமநாயகம் பிள்ளையின் நெற்றியில் வியர்வை ஓடுகிறது. கையில் ஒரு தவிட்டு முடிப்பு. அதைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு அந்த உடம்பைப் பார்க்கிறார். அவ்வளவுதான் நடக்கிறது. அங்கே அழுகை என்ற பேச்சே இல்லை.

இப்போது வாசகர் தன்னையே கேட்டுக்கொள்ளலாம்: தவிட்டு முடிப்பு எதற்கு? வறுத்த தவிட்டைத் துணியில் முடிந்து சூடாக ஒத்தடம் கொடுப்பது நம் வீடுகளில் பழைய வைத்தியம். அப்படியானால் அவள் போகிற வினாடி வரை அவர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். வியர்வை அந்த உழைப்பில் வந்தது. முடிப்பு இன்னும் சூடு ஆறியிருக்காது. பட்டணத்தில் உற்றார் உறவினர் யாரும் பக்கத்தில் இல்லாமல், ஜவுளிக்கடைச் சம்பளத்தில் இத்தனை நாள் இந்த உடம்பை அவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது அந்த ஒரு பொருளில் இருக்கிறது. இதைப் பார்த்துவிட்ட வாசகர் எழுதுகிற வாக்கியம் வேறாக இருக்கும்: 'அவள் போனதும் பிள்ளை கையிலிருந்த தவிட்டு முடிப்பைத் தள்ளி வைக்கிறார். இனி அதற்கு வேலை இல்லை. எனக்குக் கதை முழுவதும் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.' உருக்கம் என்ற சொல்லே வேண்டியிருக்கவில்லை. படிப்பவர் கதையைத் தேடிப் போவார்.

இதே மாதிரி 'அக்கினிப் பிரவேச'த்தில் ஒரு வாசகர் தண்ணீரைப் பின்தொடரலாம். கதை மழையில் தொடங்குகிறது. அந்த மழைதான் அவளைக் காருக்குள் ஏற்றுகிறது. கடைசியில் அம்மா ஊற்றுவதும் தண்ணீர். கெடுதலுக்கு இழுத்துப் போனதும் கழுவித் தேற்றுவதும் ஒரே பொருளாக இருப்பது தற்செயலா? கோட்பாடு எதுவும் படித்திருக்க வேண்டாம். எந்தப் பொருள் இரண்டாவது முறை வருகிறது என்று பார்த்தாலே போதும். திரும்ப வருகிற பொருளை எழுத்தாளர்கள் பெரும்பாலும் சும்மா வைப்பதில்லை.

பிடிக்காததை எழுதுவது இதைவிடச் சிரமம். முதலில், எத்தனை பக்கம் படித்தோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 'பக்கம் 80-இல் நிறுத்திவிட்டேன்' என்பது நேர்மையான தகவல், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. படிக்காத மீதி 220 பக்கத்துக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதுவதுதான் பிழை. அடுத்தது, தொல்லை நம்முடையதா, நூலுடையதா என்று பிரித்துப் பார்ப்பது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், இந்தோனேசியாவின் மேடானிலும் மலேயாவின் பினாங்கிலும் நடக்கிறது; நாயகன் பாண்டியன். ஆரம்பத்திலேயே தெருப் பெயர்களும் மலாய்ச் சொற்களும் செட்டியார் வட்டிக்கடை வழக்கும் மேலே வந்து விழும். முதல் ஐம்பது பக்கத்தில் பலர் நின்றுவிடுகிறார்கள். 'புரியவில்லை, மோசம்' என்று எழுதுவதைவிட, 'முதல் ஐம்பது பக்கம் சொற்கள் தடுக்கின. எல்லாவற்றுக்கும் பொருள் தேடாமல் போனால் பாண்டியன் பின்னாலேயே போய்விடலாம்' என்று எழுதுவது அடுத்தவருக்கு வழி காட்டும். 1972-இல் வந்த அந்த நாவல் பெருவாரியான வாசகரை அடைய நெடுங்காலம் ஆயிற்று. அடைந்ததில் வாசகர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கடத்தியதற்கும் பங்கு உண்டு.

அந்த நாவலை வைத்தே இன்னொரு பிழையையும் சொல்லிவிடலாம். பாண்டியனும் அவன் நண்பர்களும் தமிழர் பெருமையையும் இலக்கியத்தையும் போட்டுத் தாக்குகிற பேச்சுகள் அதில் நிறைய. உடனே 'சிங்காரம் இப்படிச் சொல்கிறார்' என்று எழுதிவிடுகிறார்கள். சொல்வது பாத்திரம்; குடி மேசையில், நண்பர்களுக்கு நடுவில், ஒரு மனநிலையில் சொல்வது. ஆசிரியர் அதோடு உடன்படுகிறாரா என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு ஆதாரம் காட்ட வேண்டும். 'பாண்டியன் சொல்கிறான்' என்று எழுதினால் இந்தச் சண்டையே வராது.

தொடர்கதையாக வந்த நாவல்களில் அத்தியாயக் கடைசியில் ஒரு திடுக், அடுத்த அத்தியாயத் தொடக்கத்தில் பழசை நினைவூட்டல் என்று வருவது அலுப்பாக இருக்கும். 'பொன்னியின் செல்வ'னின் ஐந்து பாகமும் கல்கி இதழில் வாரா வாரம் வந்தவை. ஒரு வாரம் இடைவெளி விட்டுப் படித்தவருக்கு அந்த நினைவூட்டல் தேவைப்பட்டது. ஒரே மூச்சில் படிக்கிற இன்றைய வாசகருக்கு அது கூறியது கூறல். அலுத்தது என்று எழுதலாம், எழுத வேண்டும். ஆனால் காரணத்தையும் சேர்த்து எழுதினால் புதிதாகப் படிக்க இருப்பவர் நாளுக்கு நான்கு அத்தியாயம் என்று வைத்துக்கொள்வார், அலுப்பு பாதியாகக் குறையும்.

சிறுகதைத் தொகுப்புக்கு வேறு கணக்கு. பன்னிரண்டு கதை இருந்தால் பன்னிரண்டுக்கும் ஆளுக்கொரு வாக்கியம் பங்கிடுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. படிப்பவருக்கு ஒன்றும் நிற்காது. இரண்டு கதையை எடுத்து நன்றாகப் பேசி, சரியில்லாத ஒன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுவிட்டு, மற்றவை எந்தத் தரத்தில் இருக்கின்றன என்று ஒரு வரியில் முடிக்கலாம். கவிதை நூலை மூன்று தடவையாவது வாய்விட்டுப் படிக்காமல் எழுத உட்காரக் கூடாது. ரசிகமணி டி.கே.சி. கம்பனைத் திரும்பத் திரும்ப வாய்விட்டுச் சொல்லித்தான் மற்றவர்களுக்கு ஊட்டினார்; காதில் விழாத கவிதையைப் பற்றி எழுதினால் கருத்தைப் பற்றி மட்டும்தான் எழுத வரும். கட்டுரை, வரலாறு போன்ற நூல்களில் ஒரு சோதனை உண்டு. நமக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை, நம் ஊரையோ நம் தொழிலையோ பற்றி, நூல் எங்கே தொடுகிறது என்று தேடி அந்தப் பக்கத்தை மட்டும் கவனமாகச் சரிபார்ப்பது. அங்கே சரியாக இருந்தால் மற்றதிலும் கொஞ்சம் நம்பிக்கை வைக்கலாம். அங்கேயே ஆட்டம் கண்டால் அதைப் பக்க எண்ணோடு எழுதலாம். அந்த ஒரு தகவலுக்காகவே குறிப்பைப் பத்திரப்படுத்துவார்கள்.

மொழிபெயர்ப்பு நூலைப் பற்றி எழுதும்போது மொழிபெயர்ப்பாளர் பெயரை விட்டுவிடுவது அநியாயம். 'ஆரோக்கிய நிகேதன'த்தைத் தமிழில் படித்தவர் தாராசங்கர் பந்த்யோபாத்யாயாவை மட்டும் படிக்கவில்லை, த.நா. குமாரஸ்வாமியின் தமிழையும்தான் படித்தார். 'நீலகண்டப் பறவையைத் தேடி' என்றால் அதீன் பந்த்யோபாத்யாயாவோடு சு. கிருஷ்ணமூர்த்தி. மூலத்திலிருந்து நேராக வந்ததா, ஆங்கிலம் வழியாக வந்ததா என்பது உரிமைப் பக்கத்திலோ முன்னுரையிலோ பெரும்பாலும் இருக்கும். மூலமொழி தெரியாமல் 'மொழிபெயர்ப்பு மூலத்துக்கு நெருக்கமாக இருக்கிறது' என்று சான்றிதழ் கொடுக்கக் கூடாது. தமிழாக ஓடுகிறதா, எந்த வாக்கியத்தில் இடறுகிறது என்று சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு.

தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கிற உரிமைப் பக்கத்தைப் பெரும்பாலோர் புரட்டுவதே இல்லை. முதற்பதிப்பு ஆண்டு, கையில் இருப்பது எத்தனையாவது பதிப்பு, பதிப்பகம், பக்கம், விலை எல்லாம் அங்கேதான். குறிப்பின் அடியில் இவற்றை ஒரு வரியாகக் கொடுத்தால் போதும். முதற்பதிப்பு ஆண்டைப் பார்க்காததால் வரும் கோளாறு கொஞ்சமல்ல: பழைய நாவலைப் போன வருஷத்து நாவல் என்று நினைத்துக்கொண்டு, 'ஏன் கைப்பேசியே இல்லை' என்கிற ரீதியில் எழுதிவிடுகிறார்கள். நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்தாளர்கள் விஷயத்தில் எந்தப் பதிப்பு என்பது இன்னும் முக்கியம். கல்கியையும் புதுமைப்பித்தனையும் இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பலர் அச்சிடுகிறார்கள். பதிப்பாசிரியர் பெயரே இல்லாத மலிவுப் பதிப்புகளில் எழுத்துப் பிழை மலிந்திருக்கும், சிலவற்றில் பத்தி விட்டுப்போயிருக்கும். புதுமைப்பித்தன் கதைகளுக்கு ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து காலச்சுவடு 2000-இல் வெளியிட்ட தொகுப்பு இருக்கிறது. ஒவ்வொரு கதையும் முதலில் எங்கே, எப்போது வந்தது என்பதை அதில் பார்க்கலாம். ஒரு வாக்கியம் விசித்திரமாகப் பட்டால் ஆசிரியரைக் குறை சொல்வதற்கு முன் இப்படிப்பட்ட பதிப்போடு ஒப்பிட்டுவிடுவது நல்லது.

மேற்கோள் எவ்வளவு எடுக்கலாம்? 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, விமர்சனத்துக்காக நியாயமான அளவு எடுத்தாள்வதை அனுமதிக்கிறது. எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை நீடிக்கும். உரைநடையில் நான்கைந்து வாக்கியம், கவிதையில் சில வரி என்று வைத்துக்கொண்டால் பிரச்சினை வராது. எட்டு வரிக் கவிதையை எட்டு வரியும் தட்டிப் போட்டுவிட்டு 'அற்புதம்' என்று எழுதுவது கவிஞரின் புத்தகத்தையே எடுத்துக் கொடுப்பதாகும். பத்துப் பதினைந்து பக்கத்தைப் படம்பிடித்துப் போடுவதும் அப்படித்தான். முந்நூறு, ஐந்நூறு படிகள் அச்சிடும் தமிழ்ப் பதிப்புச் சூழலில் பத்து வாசகர் புத்தகம் வாங்காமல் போனால் அது கணக்கில் தெரியும். புத்தகம் இலவசமாக வந்திருந்தாலோ, எழுதியவர் நண்பராக இருந்தாலோ அதை ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு எவ்வளவு பாராட்டினாலும் நம்புவார்கள்.

நட்சத்திரம் போடுகிற முறை எனக்கு உடன்பாடில்லை. ஐந்துக்கு நான்கு என்றால் அந்த ஒன்று எங்கே குறைந்தது என்று தெரியாது. நாவலுக்கும் சமையல் நூலுக்கும் ஒரே அளவுகோல் என்பதும் பொருந்தவில்லை. அந்த இடத்தில் 'யாருக்கு' என்று ஒரு வரி எழுதினால் பத்து மடங்கு பயன். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு வகுத்த ஐந்து விதிகளில் இரண்டு, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பவை. 'அனைவரும் கட்டாயம்' என்று எழுதும்போது இந்தப் பொருத்தத்தைப் பார்க்கிற வேலையை விட்டுவிடுகிறோம். 'கரிசல் பேச்சுக்குக் காது பழகியவர்களுக்கு உடனே பிடிக்கும், மற்றவர்கள் முப்பது பக்கம் பொறுக்க வேண்டும்', 'வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இப்போது படிக்க வேண்டாம்', 'பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்' என்பவைதான் கடையிலோ நூலகத்திலோ அலமாரி முன்னால் நிற்கிறவருக்குக் கை கொடுக்கும். பதிப்பில் இல்லாத நூல் என்றால் எந்த நூலகத்தில் கிடைத்தது என்பதையும் சேர்க்கலாம். கன்னிமாரா, அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் மூன்றிலும் தேடிப் பார்த்துவிட்டு 'கிடைக்கவில்லை' என்று எழுதலாம்.

எழுதி வெளியிட்ட பிறகு யாராவது பிழை சுட்டுவார்கள். பெயர் மாறியிருக்கும், ஆண்டு தவறியிருக்கும், பாட்டி சொன்னதை அத்தை சொன்னதாக எழுதியிருப்போம். வாக்கியத்தைச் சத்தமில்லாமல் மாற்றாமல், திருத்தத்தைத் தேதியோடு அடியில் எழுதிவிடுங்கள். கருத்து மாறினாலும் அதே முறைதான். இரண்டு வருஷம் கழித்து மறுபடி படித்து, அன்று பிடித்தது இன்று பிடிக்கவில்லை என்றால் பழையதை அழிக்க வேண்டாம். கீழே புதுக் குறிப்பைச் சேருங்கள். இரண்டிலும் பக்க எண் இருந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துப் படித்தே எது மாறியது என்று எவரும் சொல்லிவிடலாம்.